பஞ்சு வந்த வழி

கணினி அறைக்குள் வந்துவிட்டால் சித்திக்கு இருமல் நின்றுவிடும். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். சித்திக்குக் காலையில் கழிவுப் பஞ்சு பிரிக்கும் வேலை, மதியத்துக்கு மேல் அலுவலகம் கூட்டும் வேலை. குளிரூட்டிய அந்த அறையைக் கடைசியாகக் கூட்டுவாள். கூட்டிய மூலையையே மறுபடி கூட்டுவாள்.

"செத்த நேரம் நிக்கேன்ட்டி. நெஞ்சு லேசா இருக்கு."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மில்லின் கணக்கு முழுவதும் ஒரே சர்வரில் ஓடியது. அதற்குக் கோளாறு வந்தால் பார்க்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். அந்தப் பெருமை எனக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

சர்வரின் முகப்பில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு. எல்லாம் சரியாக இருந்தால் அது இருண்டு கிடக்கும். கோளாறு என்றால் அதில் மூன்று இலக்க எண் சிவப்பாக எரியும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை அதோடு வந்த புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும்.

அன்று அதை முதலில் பார்த்தது சித்திதான்.

"ஏட்டி, ஒன் பொட்டி கண்ணு முழிச்சிருச்சு, பாரு."

உள்ளே விசிறி நின்றுவிட்டது, சூடு ஏறுகிறது என்றது புத்தகம். முறைப்படி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினேன். விசிறியின் இறக்கைகள் தெரியாத அளவுக்குப் பஞ்சு சுற்றியிருந்தது.

மறுநாள் மதுரையிலிருந்து என்ஜினீயர் வந்து புது விசிறி மாட்டினார். மேனேஜரும் கணக்கு அதிகாரியும் பக்கத்தில் நின்றார்கள். எந்த எண் எரிந்தது, நான் என்ன செய்தேன், பஞ்சு எப்படி இருந்தது என்று என்ஜினீயர் கேட்கக் கேட்க ஆங்கிலத்தில் விளக்கினேன். பஞ்சு இந்த அறையில் உண்டாக வழியில்லை, வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது என்றும் சொன்னேன். என்ஜினீயர் தலையாட்டினார்.

மேனேஜர் தமிழுக்கு மாறினார். "மில்லுக்குள்ள இருந்து இங்க யாரு வாரா?"

கணக்கு அதிகாரி வாசலைப் பார்த்தார். சித்தி துடைப்பத்தோடு வாசலில் நின்றிருந்தாள்.

"அந்தம்மா இனி முழு நேரமும் பஞ்சு ரூம்லயே இருக்கட்டும். இங்க வேற ஆளப் போடுங்க."

என்ஜினீயர் கிளம்பியதும் மேனேஜரின் அறைக்குப் போனேன். "சார், அவிய எங்க சித்தி. பஞ்சுத் தூசி நெஞ்சுக்குச் சேராது சார். பாதி நேரம் இங்க இருக்கதுனாலதான் தாக்குப் பிடிக்காவ."

"பஞ்சு வெளிய இருந்து வந்திருக்குன்னு நீதானம்மா சொன்ன? தப்பாச் சொல்லிட்டியா?"

"இல்ல சார்."

தப்பாகச் சொல்லவில்லை. என் மேசைக்குத் திரும்பினேன்.

சித்தி காலை முதல் சாயங்காலம் வரை பஞ்சு அறையில் இருந்தாள். எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, காற்றுக்கு முகத்தைக் கொடுத்தபடியே வருவாள். மழைக்காலம் முடிவதற்குள் மில் படி ஏற முடியாமல் போனது. படுத்தால் மூச்சு முட்டியதால் வீட்டில் சுவரில் சாய்ந்தே தூங்கினாள்.

அவள் வேலையை விட்ட பிறகு அதே எண் மறுபடியும் எரிந்தது. திறந்தால் அதே பஞ்சு. இப்போது அறையைக் கூட்டியவருக்கும் பஞ்சு அறைக்கும் சம்பந்தமே இல்லை. மேசைகளை நகர்த்திச் சுவர் சுவராகத் தடவிப் பார்த்தேன். குளிர் இயந்திரத்தைப் பதித்திருந்த இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான் கழிவுப் பஞ்சைக் கொட்டும் முற்றம். மேனேஜரை அழைத்து வந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இன்னைக்கே அடச்சிருவோம்."

"எங்க சித்திய மறுபடி இங்க போடுவியளா சார்?"

"அதான் வேற ஆளு போட்டாச்சேம்மா."

அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு ஓடினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் சித்தியின் முன்னால் உட்கார்ந்தேன்.

"சித்தி, அது ஒன்னால வந்த பஞ்சு இல்ல. சொவத்துல ஓட்டை. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன்."

அவள் ஆச்சரியப்படவில்லை. "எனக்குத் தெரியாதாட்டி? நாந்தான் படிக்கட்டுலயே சேலய ஒதறி, தலயத் தட்டிட்டுல்லா உள்ள வருவேன். ஒரு நாளும் ஒதறாம வந்ததில்ல."

நான் அதைப் பார்த்ததே இல்லை. எப்போதும் திரையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பேன்.

"பொறவு ஏன் சித்தி அன்னைக்கே சொல்லல? வாசல்லதான நின்ன?"

அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினாள். "எப்பிடிட்டி சொல்ல? அம்புட்டு ஆம்பளைகளும் ஒன் வாயவே பாத்துட்டு நிக்காவ. நீ இங்கிலீசுல தாட்டுபூட்டுன்னு பேசுத. எம்புட்டு நல்லா இருந்துச்சு தெரியுமா? அதுக்கு நடுவுல நான் போயி, சேலய ஒதறுனேன், தலயத் தட்டுனேன்னு..."

இருமல் வந்துவிட்டது. அது அடங்கும் வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.