கலைவாணி தின்ற முள்பழம்

செஞ்சி காந்தி பஜாரில் மருந்துக்கடையை ஒட்டிய சந்துக்குள் கலைவாணியின் தையல் கடை இருக்கிறது. ஜாக்கெட் தைப்பதில் அவள் கை நேர்த்தி என்று அனந்தபுரத்திலிருந்துகூடப் பெண்கள் தேடி வருவார்கள். கடைக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையில்தான் இப்போது அவள் குடியிருக்கிறாள்.

நெடுமாறனுக்கு வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருஷம் ஆகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. நெடுமாறன் பெயிண்ட் கடை வைத்திருந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். தன்னைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போய்விடுவான். அமாவாசை தவறாமல் ஸ்பெஷல் பஸ்ஸில் நசுங்கி மேல்மலையனூருக்குப் போய் வந்தவள் கலைவாணி. விழுப்புரத்தில் டாக்டரம்மாவிடம் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் படுத்தவளும் அவள்தான். "உன்கிட்ட ஒரு குறையும் தெரியலம்மா. அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வா" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். அதை வீட்டில் சொன்ன அன்று நெடுமாறன் சோற்றைப் பிசைந்தபடி, "எனக்கு இன்னா கொறை?" என்று கேட்டான். அவன் அம்மா ராஜம்மாள் அவனுக்கு மோர் ஊற்றினாள்.

நாலு வருஷத்துக்கு முன்பு, ஆனி மாசக் கடைசியில், நெடுமாறனின் அக்கா புருஷன் விநாயகம் வந்தான். லாரியில் நெல் லோடு ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் போகிறவன். சாக்கில் சுற்றிய ஒன்றைக் கூடத்தில் இறக்கி வைத்தான். பலாப்பிஞ்சு போல இருந்தது. முள் மட்டும் ஆணி ஆணியாய் நின்றது.

"மேட்டுப்பாளையம் தாண்டி மலை அடிவாரத்துல விக்கிறாங்க. டுரியன்னு பேரு. கொழந்த இல்லாத புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருமா இதத் துன்னா, அந்தப் பொம்பள முழுகாம ஆயிடுதாம். ஒரு பழத்துக்கு அவ்ளோ அடிதடி" என்றான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கலைவாணி தலைக்குக் குளித்து, வெறும் வயிற்றோடு கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். விநாயகம் அரிவாளால் பழத்தைப் பிளந்தான். பிளந்ததும் கிளம்பிய நாற்றத்தில் விநாயகத்தின் மனைவி கவிதா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "கேஸு லீக்காவுதா பாருங்க" என்றாள்.

"நீங்களும் ஒரு சொளை சாப்புடுங்க. ரெண்டு பேரும் சாப்புடணும்னுதானே அண்ணன் சொன்னாரு" என்று கலைவாணி நெடுமாறனைப் பார்த்தாள்.

"இத மனுசன் துன்னுவானா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு அவன் கடைக்குக் கிளம்பிவிட்டான். அவன் போன பிறகு எல்லோருடைய கண்ணும் அவள் வாய்மீது வந்து நின்றது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுளையை வாயில் போட்டாள். குமட்டும் என்று எதிர்பார்த்தாள். குமட்டவில்லை. திரட்டுப்பாலில் வெங்காயம் வதக்கிய கரண்டியை விட்டுக் கிளறியது போல ஒரு ருசி. நாக்கில் வெண்ணெயாய்க் கரைந்தது. முழுங்கிய பிறகுதான் தித்திப்பு மெல்ல ஏறியது. அவள் கண்ணைத் திறந்தாள். அடுத்த சுளையை யாரும் சொல்லாமலே எடுத்தாள். அந்த வீட்டில் அவளுக்கென்று வந்த தின்பண்டம் வேறு எதுவும் அவள் நினைவில் இல்லை.

"நல்லா இருக்குது அத்தே" என்றாள்.

ராஜம்மாளின் முகம் சுருங்கியது. "ருசி பாக்கறதுக்கா வாங்கியாந்தோம்? சாமிய நெனச்சிக்கினு முழுங்குடி" என்றாள்.

அதற்குப் பிறகு தின்ற சுளைகளில் கலைவாணிக்கு ருசி தெரியவில்லை.

அடுத்த மாசம் நாள் தள்ளிப் போயிற்று. வீட்டின் நடப்பே மாறிவிட்டது. ராஜம்மாள் அவளைத் தண்ணீர்க் குடம் தூக்க விடவில்லை. நெடுமாறன் ராத்திரி வரும்போது மாதுளம்பழம் வாங்கி வந்தான். "நான் சொல்லல?" என்று விநாயகம் போனில் சிரித்தான். காலையில் அவளுக்கு முதல் காபி வந்தது.

பிறகு ஒரு மத்தியானம், கடையில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தபோது, அடிவயிறு பிடித்து இழுத்தது. எழுந்து பார்த்தாள். வந்துவிட்டது.

வீட்டுக்குப் போனால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். வாசலிலேயே ராஜம்மாள், "வா, வந்து கால நீட்டி ஒக்காரு" என்றாள். கலைவாணி உட்கார்ந்தாள். அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ராஜம்மாள், "உன் கையால வெளக்கேத்து" என்றபோது வேறு வழியில்லாமல் அதையும் ஏற்றினாள்.

அடுத்த வாரம் கவிதா மருந்துக்கடையில் டெஸ்ட் பண்ணும் அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு சிரித்தபடி வந்தாள். கலைவாணி அதைக் கையில் வாங்கவில்லை.

"வந்துட்டுது அண்ணி."

"எப்போ?"

"போன வாரமே."

ராஜம்மாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "அப்போ வெளக்கு ஏத்துனியே? தீட்டோட ஏத்துனியா?" என்றாள். பிறகு அவள் பேசியதைத் தெருவே கேட்டது. பழம் தின்னத் தெரிந்தது, காபி குடிக்கத் தெரிந்தது, சாமியையே ஏமாற்றத் தெரிந்தது; இப்படிப்பட்டவள் வயிற்றில் எது தங்கும் என்றாள். வீடு முழுக்கக் கழுவிவிட்டாள்.

அன்று இரவு நெடுமாறன் சாப்பிட உட்கார்ந்ததும் கலைவாணி, "நான் செஞ்சது தப்புதான். ஒரே ஒரு தடவை டாக்டர்கிட்ட வாங்க. அதுக்கப்பறம் எதுவும் கேக்கமாட்டேன்" என்றாள்.

"ரசம் ஊத்து" என்றான் அவன்.

அவள் வல்லத்துக்குப் போய்த் தன் அண்ணன் குருவிடம் அழுதாள். குரு தலையைச் சொறிந்தான். "நம்ம பக்கமும் தப்பு இருக்குது. அனுசரிச்சுப் போ வாணி. நான் வந்து பேசுனா பெருசாயிடும்" என்று பஸ் ஏற்றிவிட்டான். அனுசரித்துப் போகவும் அவளை விடவில்லை. அந்த வீட்டில் யாரும் அவள் கையால் தண்ணீர் வாங்கவில்லை. தை பிறப்பதற்குள் அவள் கடைக்குப் பின்னால் வந்துவிட்டாள். கோர்ட்டில் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நெடுமாறனுக்கு அனந்தபுரத்தில் பெண் எடுத்தார்கள்.

இந்த ஆவணியில் பழைய தெருவிலிருந்து வள்ளியம்மாள் ஜாக்கெட் துணியோடு வந்தாள். கலைவாணி டேப்பை அவள் முதுகில் வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியாதா? நெடுமாறன் பொண்டாட்டி முழுகாம இருக்குது" என்றாள் வள்ளியம்மாள்.

கலைவாணி டேப்பை எடுக்கவில்லை.

"கல்யாணம் ஆயி ஒண்ணும் காணோம். கெழவி அந்தப் பொண்ணையும் பேச ஆரம்பிச்சா. பொண்ணோட நைனா நேரா வந்து ஒக்காந்துட்டாரு. ரெண்டு பேரும் ஒண்ணா டாக்டர்கிட்ட போனாத்தான் எழுந்திருப்பேன்னுட்டாரு. இவன் வாயத் தொறக்கல. போனான். அவனுக்குத்தான் கொறையாம். ஆறு மாசம் மாத்திர சாப்ட்டானாம்."

"தோள்பட்ட கொஞ்சம் எறக்கி வைக்கட்டுங்களாக்கா?" என்று கலைவாணி கேட்டாள். அளவைச் சொல்லி எழுதிக்கொண்டாள். வள்ளியம்மாள் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

நெடுமாறன்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தாள். அது பழசாகிப் போயிருந்தது. ராஜம்மாளை நினைத்துப் பார்த்தாள்; அதுவும் அப்படியே. முன்பின் பார்த்திராத அந்த அனந்தபுரத்துக்காரர்தான் மனசில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தார். ஒரு சாயங்காலம், ஒரு நாற்காலி, ஒரு பிடிவாதம். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. வல்லத்திலிருந்து செஞ்சிக்குப் பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகாது. குரு வரவில்லை.