பாலைவனத்தில் எனக்கு வார்த்த கூழ்

தண்ணீர் கேன் அவன் வண்டியில் போய்விட்டது என்பது எனக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.

ராஜஸ்தான் பாலைவனம். ஆடி பதினேழாம் நாள், பகல் பதினோரு மணி. பின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஸ்டாண்டில் நிற்கிற என் பைக்கின் நிழலில் குந்தியிருந்தேன். அந்த நிழல் ஒரு ஆளுக்குப் போதாது. முட்டியை இழுத்தால் முதுகு காய்ந்தது. முதுகை ஒடுக்கினால் கால் காய்ந்தது. சுற்றிலும் மணலும் முள்ளுச்செடியும்தான். ஒரு பனைமரம்கூட இல்லை. போனில் சிக்னல் இல்லை. அப்போதும் நான் பயப்படவில்லை. கூட வந்த சிநேகிதன் குமார் தன் வண்டியில் டியூப் வாங்கத்தான் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது.

மேல்மலையனூர் அங்காளம்மாவை நம்பியிருக்கிற உங்கள் எல்லோருக்கும் ஏழுமலையின் கும்பிடு. செஞ்சியில், கோட்டை மலை தெரிகிற ரோட்டில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பயந்த சுபாவம். கடைப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். பாதி வழி போய்விட்டு மறுபடி வந்து இழுத்துப் பார்ப்பேன். விழுப்புரம் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டை இறங்கும்வரை கையிலேயே வைத்திருப்பேன். அப்படிப்பட்டவன் இமயமலைக்குப் பைக்கில் போனதற்குக் காரணம் குமார்.

நானும் அவனும் ஒரே தெரு, ஒரே பெஞ்சு. நான் நின்றுவிட்டேன், அவன் காலேஜ் வரைக்கும் போனான். இப்போது சென்னையில் வேலை. பைக்கில் ஊர் ஊராகப் போய் வீடியோ எடுத்துப் போடுவான். அவன் வண்டியும் என் வண்டியும் ஒரே ரகம். ஆனி மாதம் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"டேய் ஏழு, லடாக் போறோம். வரும்போது ராஜஸ்தான் வழியா வரோம். பனியும் பாப்போம், மணலும் பாப்போம்."

"நானா? இன்னாடா வெளாடுறியா?"

"நீ இல்லாம நான் போவ மாட்டேன்டா. உன்னை மாரி ஒரு மெக்கானிக் எனக்கு எங்க கெடைப்பான்?"

படிக்காதவனை ஒருத்தன் இப்படிக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று படித்தவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் ஆடி மூன்றாம் ஞாயிறு அம்மனுக்குக் கூழ் வார்ப்பது எங்கள் வீட்டு முறை. நைனா காலத்திலிருந்து நடக்கிறது. மற்ற வீடுகளில் கேழ்வரகு, எங்கள் வீட்டில் கம்பு. மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம் வைத்து, சொம்போடு யார் வந்தாலும் ஊற்றுவோம். கூழ் வார்க்கிறவன் முகம் பார்க்கக் கூடாது என்பார் நைனா. சொந்தக்காரனா, சண்டைக்காரனா என்று பார்க்கக் கூடாது. சொம்பை மட்டும்தான் பார்க்க வேண்டும். இந்தப் பயணத்துக்காக அந்த முறையை நான் கடைசி ஞாயிற்றுக்குத் தள்ளிவைத்தேன்.

என் வீட்டுக்காரி செல்வி, அனந்தபுரத்துப் பெண், ஒரே பிடியாக நின்றாள். "ஆடியில எவனாவது தூரம் தொலவு கெளம்புவானா? அதுவும் நம்ம மொறைய வுட்டுட்டு?"

குமார் சிரித்தான். "அங்க பாதை தொறக்கறதே இந்த மாசங்கள்லதான் தங்கச்சி. ரெண்டு வாரம் லேட்டானா உங்க அம்மன் இன்னா பட்டினியா கெடக்கப் போவுது?"

நானும் கூடச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் இன்றும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

ஆடி இரண்டாம் நாள் கிளம்பினோம். ஒன்பதாம் நாள் மலைமேல் இருந்தோம். புல் பூண்டு இல்லாத மலைகள். ஐஸ் உருகின தண்ணீர் ரோட்டின் மேலேயே ஓடியது. உயரம் ஏற ஏற மூச்சு இழுத்தது. கணவாய் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் குமாருக்குத் தலை வெடிக்கிற மாதிரி வலி. வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தான். உதடு நீலமாகிவிட்டது. அவனை என் வண்டியில் ஏற்றி, என் முதுகோடு லுங்கியால் இழுத்துக் கட்டி, இருபது கிலோமீட்டர் கீழே இறக்கினேன். "என்னை வுட்டுடாதடா ஏழு" என்று என் காதுக்குள் அழுதுகொண்டே வந்தான். "வுட மாட்டேன்டா, வாய மூடிட்டு வா" என்றேன். அந்த வார்த்தையை நான் காப்பாற்றினேன்.

மறுநாள் ஒரு லாரியில் தொற்றி மேலே போய் அவன் வண்டியை இன்னொரு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். தண்ணீரில் கல் குத்தி அதன் பின் டியூப் கிழிந்திருந்தது. நான் பயந்தாங்கொள்ளி அல்லவா, ஒரு புது டியூப் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதை அவன் சக்கரத்துக்குள் போட்டேன். விரல் விறைத்து நட்டு பிடிபடவில்லை. வாயால் ஊதி ஊதிப் போட்டேன். அவன் கம்பளிக்குள் உட்கார்ந்தபடி கேமராவைச் சரிபார்த்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுடா, பிரேமுல வர" என்றான்.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பதினேழாம் நாள் காலை பாலைவனம். ஆள் இல்லாத ரோடு வேண்டும், வீடியோவுக்கு நன்றாக இருக்கும் என்று பெரிய ரோட்டை விட்டுக் கிளை ரோட்டில் இறக்கினான். பத்து மணிக்கு என் பின் டியூப் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால், காற்று அடிக்கிற வால்டியூப் அடியோடு பிய்ந்திருக்கிறது. பஞ்சர் என்றால் ஒட்டலாம். வால்டியூப் பிய்ந்தால் ஒட்டு நிற்காது, வேறு டியூப்தான் வேண்டும். என்னுடைய வேறு டியூப் அவன் சக்கரத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ இங்கயே இரு. நாப்பது கிலோமீட்டர்ல டவுன் இருக்குது. ரெண்டு மணி நேரத்துல டியூப்போட வரேன்."

"சீக்கிரம் வாடா. எனக்கு ஒரு மாரியா இருக்குது."

"உனக்கு எப்பதான் ஒரு மாரியா இல்ல?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. விபத்தாகியிருக்குமோ என்று அவனுக்காக வேண்டிக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் செத்துக்கொண்டிருக்கிறேன், அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று அம்மாவிடம் கேட்கிறேன். இரண்டு மணிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நடக்கலாம் என்று எழுந்தால் கண் இருட்டியது. வேர்வைகூட நின்றுவிட்டது.

அப்போது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வாய் வறண்டு கிடக்க, மனசுக்குள்ளேயே அம்மாவைத் திட்டினேன். 'அவன்தான் வுட்டுட்டுப் போயிட்டான். நீயுமா? எத்தினி வருசம் உனக்கு ஊத்தினேன். ஒரு தபா தள்ளி வெச்சதுக்கு என்னைக் கொன்னுடுவியா? நீயும் அவனை மாரிதானா?' இத்தனை வருஷமும் பூட்டுக்கும் டிக்கெட்டுக்கும் ஆயிரம் வேண்டுதல் வைத்தவன் நான். அன்றைக்கு எல்லாம் உதிர்ந்துபோய், கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. 'ஒரு வாய் குடு. ஒரே ஒரு வாய்.'

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. மணி ஓசை கேட்டது. பிரமை என்று நினைத்தேன். ஆட்டுக் கழுத்து மணி. பத்துப் பதினைந்து ஆடுகள் முள்ளுச்செடியை மேய்ந்துகொண்டு வந்தன. பின்னால் ஒரு பெண். சிவப்புச் சேலையில் மஞ்சள் கரை, தலைக்கு முக்காடு. தோள்வரைக்கும் வெள்ளை வளையல். என் அக்கா வயது இருக்கும். என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது. நான் வாயைக் காட்டினேன். அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, குனிந்து, கையிலிருந்த தூக்குச்சட்டியைத் திறந்து மூடியில் ஊற்றி நீட்டினாள்.

தண்ணீர் என்று நினைத்துத்தான் வாய் வைத்தேன்.

கம்பு. கம்பங்கூழ். மோர் ஊற்றிக் கரைத்தது. அளவான உப்பு. மூடியின் ஓரத்தில் அரை வெங்காயம்.

என்னால் விழுங்க முடியவில்லை. மூடியைப் பிடித்தபடி அழுதேன். அவள் பயந்துபோய் என்னவோ அதட்டினாள். குடி குடி என்கிறாள் என்று புரிந்தது. மூன்று மூடி குடித்தேன். ஒருமுறைகூட அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூடியை மட்டும்தான் பார்த்தாள்.

அவள் குரல் கொடுக்க, தூரத்திலிருந்து அவள் வீட்டுக்காரர் ஒட்டக வண்டியோடு வந்தார். பெரிய மீசை. நான் போடும் கும்பிடுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, சக்கரத்தைத் தட்டிக் காட்டி ஏதோ கேலி பேசினார். ஒட்டகத்துக்கு டியூப் கிடையாது என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். இருவரும் சேர்ந்து வண்டியை ஏற்றி அவர்கள் கிராமத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே டிராக்டருக்குப் பஞ்சர் போடுகிறவரிடம் பழைய டியூப் ஒன்று கிடைத்தது. அளவு சரியாக இருந்தது.

கிராமத்தில் சிக்னல் வந்தது. முதலில் குமாரின் குரல் பதிவு. பின்னால் பாட்டும் சிரிப்பும் கேட்டது.

"டேய் ஏழு, இங்க பெங்களூரு பசங்க ஒரு குரூப்பு கெடைச்சாங்க. சாயங்காலம் மணல் மேட்டுல ஒட்டகத்தோட ஷூட்டு. இன்னிக்கு வுட்டா கெடைக்காது. நீ எதுனா லாரியப் புடிச்சி வந்துடு. மெக்கானிக்குக்கு இன்னாடா கஷ்டம்?"

விபத்து இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நான் வேண்டிக்கொண்டபடியே அவன் நன்றாக இருந்தான்.

செல்விக்குப் போன் போட்டேன்.

"எங்கங்க இருக்கீங்க? கொரலு ஏன் இப்டி இருக்குது? சாப்டீங்களா?"

"கூழ் குடிச்சேன்."

"கூழா? அங்க ஏதுங்க கூழு?"

"கம்பங்கூழு. மோர் ஊத்தி, வெங்காயம் வெச்சி."

அந்தப் பக்கம் அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. நான் "அலோ, அலோ" என்றேன்.

"இன்னிக்கு இன்னா கெழமைனு தெரியுமா?" என்றாள். "ஞாயித்துக்கெழமை. மூணாம் ஞாயிறு. நீங்க தள்ளி வெச்சிட்டீங்க. எனக்கு மனசு கேக்கல. ஒரே ஒரு சொம்பு கரைச்சி அம்மன் எதிர்ல வெச்சேன். அப்பறம் ரோட்டுல டயர மாத்திக்கினு நின்ன ஒரு வடக்கத்தி லாரிக்காரருக்குக் குடுத்துட்டேன். யாருன்னே தெரியாது. கண்ணு கலங்கிக் குடிச்சிட்டுப் போனாரு."

போனைப் பிடித்தபடியே அந்த மணலில் விழுந்து கும்பிட்டேன். கூழ் கொடுத்த அந்தப் பெண்ணின் பெயரைக்கூட எனக்குக் கேட்கத் தெரியவில்லை. தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து செஞ்சிவரை தனியாக ஏழு நாள் ஓட்டினேன். வீட்டுக்கு வந்ததும் செல்வி குமாரின் வீடியோக்களைக் காட்டினாள். எல்லாவற்றிலும் அவன் தன்னந்தனியாகப் போகிறான். மலையில் டியூப் மாற்றியதும் அவனேதான் என்கிறான். ஒரே ஒரு இடத்தில், ஓரத்தில், ஒரு கை மட்டும் தெரிகிறது. அம்மன் கோயில் சிவப்புக் கயிறு கட்டிய என் கை. செல்வி அங்கே நிறுத்தி, விரலால் அந்தக் கையைத் தொட்டாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாமல், "கயிறு நல்லாத் தெரியுது" என்றாள்.

ஆடி கடைசி ஞாயிறு கூழ் வார்த்தோம். வரிசை தெரு முனைவரை நின்றது. குனிந்தபடி ஊற்றிக்கொண்டே வந்தேன். ஒரு பித்தளைச் சொம்பு வந்தது. குமார் வீட்டுச் சொம்பு, சின்ன வயதிலிருந்து தெரிந்த நெளிசல்.

"இன்னாடா ஏழு, வந்து சேந்துட்ட பாத்தியா? நான்தான் சொன்னேனே. கோவமா?"

செல்வி அகப்பையைப் பிடுங்க வந்தாள். அந்தச் சொம்பைத் தெருவில் வீசியடிக்கத் தோன்றியது. நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அது பொய். அம்மா பெயரைச் சொல்லிப் பொய் எழுத மாட்டேன். அவனோடு இன்றுவரை பேச்சு இல்லை. அவன் வண்டியை நான் தொடுவதும் இல்லை.

ஆனால் அந்த நேரத்தில் தூக்குச்சட்டி மூடி ஞாபகம் வந்தது. நான் எப்படிப்பட்டவன் என்று அந்தப் பாலைவனத்துப் பெண் கேட்கவில்லை. முறையைத் தள்ளிவைத்தவன், அம்மனைக் கேலி பேசியபோது கூடச் சிரித்தவன் என்று தெரிந்திருந்தால்கூட ஊற்றியிருப்பாள்.

"சொம்பைச் சரியாப் புடி" என்றேன். நிரம்ப ஊற்றினேன். வெங்காயமும் வைத்தேன். தலை நிமிரவில்லை. அவன் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனான். அடுத்த சொம்பு வந்தது.

பூட்டை இப்போதும் இழுத்துப் பார்க்கிறேன், ஆனால் ஒரு தரம்தான். கடை வாசலில் குடிக்கத் தண்ணீர்ப் பானை வைத்திருக்கிறேன். நம்பினவன் கைவிட்டு, நடுவழியில் நிற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். அம்மாவைக் கூப்பிடுங்கள். அழகாகக் கூப்பிடத் தெரியாவிட்டால் திட்டியாவது கூப்பிடுங்கள். அவளுக்குக் கேட்கும். எந்தப் பாஷைக்காரி கையிலாவது கொடுத்து அனுப்புவாள்.

இனி ஆடி மூன்றாம் ஞாயிறு எங்கள் வீட்டு முறை தள்ளிப்போகாது. செஞ்சிப் பக்கம் வந்தால் ஒரு சொம்போடு வாருங்கள். நீங்கள் யார் என்று நான் கேட்க மாட்டேன்.