மர்ஹூம் என்று நான் அச்சடித்த கார்டு

என் பெயர் குத்தாலிங்கம். தென்காசியில் முப்பத்திரண்டு வருஷமாக அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கோயில் கொடை நோட்டீஸ், அரசாங்க ஆபீஸ்களுக்கு வேண்டிய படிவங்கள் எல்லாம் அடிப்பேன். சொல்ல வந்தது என் கதை இல்லை, ஷரீபுன்னிசா என்ற பெண்மணியின் கதை. ஆனால் நான் செய்த கேவலமான ஒரு காரியத்தை விட்டுவிட்டு அந்தம்மாவைப் பற்றிச் சொல்ல முடியாது. அதனால் என்னையும் கொஞ்சம் சகித்துக்கொள்ளுங்கள்.

ஷரீபுன்னிசா பிறந்தது கடையநல்லூரில், தறிக்காரர் வீட்டில். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை பீர் மைதீன் தென்காசிக்காரர், தம்மாமில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோன மனுஷன், ஒரு தடவை வந்தவர் இனிமேல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். இருவருமாகக் குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் வழியில் ஒரு கடை போட்டார்கள். துண்டு, டவுசர், சோப்பு, சீயக்காய், எண்ணெய் பாக்கெட். பேரம் பேசுகிறவர்களிடம் அந்தம்மா அதிகம் மல்லுக்கட்ட மாட்டார். "குளிச்சு நனைஞ்சு நடுங்கிக்கிட்டு வாங்க, அப்பம் வெல பேசலாம்" என்பார். சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

பீர் மைதீனுக்கு வியாபாரம் வராது. அவருக்கு வந்தது மனு எழுதுவது. பென்ஷன் நின்றுபோனவர், பட்டா மாறாதவர் என்று யார் வந்தாலும் கடைக்குள் உட்காரவைத்து எழுதிக்கொடுப்பார். "விடிஞ்சதுல இருந்து ஒத்தத் துண்டு விக்கல, மனு மட்டும் நாலு எழுதியாச்சு" என்று அந்தம்மா கேலி பண்ணுவார். கேலிதான். பேனா மை தீர்ந்தால் ஓடிப்போய் வாங்கி வருவதும் அவர்தான்.

அந்த மனுக்களில் ஒன்று நல்லகண்ணுவுக்காக எழுதியது. லாட்ஜில் துப்புரவு வேலை பார்த்தவர். திருட்டுக் கேஸில் விசாரிக்க வேண்டும் என்று போலீஸ் கூட்டிக்கொண்டு போய், மூன்றாம் நாள் பிணமாகக் கொடுத்தது. நெஞ்சுவலி என்றார்கள். நெஞ்சுவலி வந்தவனுக்கு உள்ளங்கால் ஏன் கறுத்திருந்தது என்று யாரும் கேட்கவில்லை. பீர் மைதீன் கேட்டார். நல்லகண்ணுவின் மனைவி பேச்சித்தாயைக் கையெழுத்துப் போடவைத்து, சாட்சிகளைத் தேடிப்பிடித்து, மனித உரிமை ஆணையத்துக்கு எழுதினார். விசாரணைக்குத் தேதியும் வந்தது.

அதற்கு ஐந்து நாள் இருக்கும்போது, 2019 ஆடி மாதம், அருவியில் வெள்ளம் என்று போலீஸ் குளிக்கத் தடை போட்டது. வழியில் கயிறு கட்டி, கடைகளையும் அடைக்கச் சொன்னார்கள். கடையைப் பூட்டிவிட்டு டீக்கடை வாசலில் நின்ற பீர் மைதீனை, நம்பர் பிளேட் இல்லாத வண்டியில் வந்த நான்கு பேர் ஏற்றிக்கொண்டு போனார்கள். பட்டப்பகல் பதினொரு மணி. டீ மாஸ்டர் பார்த்தார், பழக்கடைக்காரர் பார்த்தார், ஆட்டோ ஸ்டாண்டே பார்த்தது. சாயங்காலத்துக்குள் அத்தனை பேருக்கும் பார்வை போய்விட்டது.

மதுரைக் கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார் ஷரீபுன்னிசா. போலீஸ் என்ன பதில் எழுதியது தெரியுமா? அருவியில் குளிக்கப் போனவரை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கலாம் என்று எழுதியது. இவர்களே கயிறு கட்டி ஆளை விரட்டிய அருவியில்! பொய் சொல்வதற்குக்கூட மெனக்கெடாத சோம்பேறிகள். எழுதிய கை கூசியிருக்காதா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். கோர்ட் அதை ஏற்காததால் கேஸ் உயிரோடு இருந்தது.

அதற்குப் பிறகு அந்தம்மாவுக்குத் திங்கள்கிழமை என்றால் கடை கிடையாது. கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போய்விடுவார். தென்காசி தனி மாவட்டமானது, கலெக்டர்கள் வந்தார்கள், மாறினார்கள். மனுவை வாங்கி, சீல் வைத்து, எந்த ஸ்டேஷன் மேல் புகாரோ அந்த ஸ்டேஷனுக்கே விசாரிக்க அனுப்பினார்கள். அங்கிருந்து "மனுதாரர் நேரில் ஆஜராகவும்" என்று சம்மன் வரும். போனால் நாள் பூராவும் பெஞ்சில் உட்காரவைத்து அனுப்புவார்கள். கணவனைக் காணோம் என்று சொன்னவளுக்கு இந்த நாட்டில் கொடுக்கிற ஒரே பதில் அந்தப் பெஞ்சுதான். அதில் ஒருநாளும் கூடப் போய் உட்கார்ந்தவன் இல்லை நான்.

இனி என் பங்கு. போன தை மாதம் மகள் ஜுஹைனாவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளை துபாயில் இருந்து கொஞ்ச நாள் லீவில் வருகிறார், எல்லாம் அவசரம். ஷரீபுன்னிசா கார்டுக்கு வேண்டியதைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். அழைப்பது தாயார் பெயரில். "பீர் மைதீன் அவர்களின் அன்பு மகள்" என்று மணமகள் பெயர்.

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீட்டுக் கார்டுகளை நான் ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறேன். வழக்கமாகத் தகப்பனார்தான் அழைப்பார். தாயார் பெயரில் அழைப்பு வந்தால் தகப்பனார் காலமாகிவிட்டார் என்று கொள்வோம். அவர் பெயருக்கு முன்னால் "மர்ஹூம்" என்று போடுவோம், காலஞ்சென்ற என்பதற்கு அவர்கள் போடுகிற சொல். என் கை அதைத் தானாகப் போட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். அது பொய். நான் யோசித்துத்தான் போட்டேன். பாவம், துக்கத்தில் எழுத மனசு வரவில்லை போலிருக்கிறது, நாம் மரியாதையாகப் போட்டுவிடுவோம் என்று நினைத்தேன். ஊர் பூராவும் மனசுக்குள் பீர் மைதீனை எப்போதோ அடக்கம் பண்ணிவிட்டது. நானும் அதில் ஒருவன்.

அந்தம்மாவிடம் வாட்ஸ்அப் இல்லாததால், திருத்தம் பார்க்க மாப்பிள்ளையின் தாய்மாமா முகம்மது இஸ்மாயிலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சரியாத்தான் இருக்கு, அடிச்சிருங்க" என்று பதில் வந்தது. அவருக்கும் அப்படித்தான் வேண்டியிருந்திருக்கும். காணாமல் போனவர் மகள் என்பதைவிடக் காலமானவர் மகள் என்பது சம்பந்தத்துக்கு வசதி.

கார்டு அடித்து மேஜையில் காய்ந்துகொண்டிருந்தபோது, ஸ்டேஷன் ஏட்டு ஒருவர் வேட்டி சட்டையில் வந்தார். தன் மகளுக்கும் வரன் அமைந்திருக்கிறது, மாதிரிக்கு ஏதாவது காட்டுங்கள் என்றார். இதையும் அதையும் புரட்டிவிட்டு, "இந்த பார்டர் அம்சமா இருக்கே அண்ணாச்சி" என்று ஜுஹைனாவின் கார்டை எடுத்தார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு, கவரில் போட்டு, கையில் கொடுத்தேன்.

மறுநாள் கார்டுக் கட்டை வாங்கிப்போன ஷரீபுன்னிசா அரை மணியில் திரும்பி வந்தார். கார்டை மேஜையில் வைத்து அந்தச் சொல்லின் மேல் விரலை ஊன்றினார்.

"அண்ணாச்சி, இத நான் எழுதித் தந்தேனா?"

"இல்ல யம்மா, வழக்கம்னு நான்தான்..."

"ஆறு வருசமா போலீசு கொன்னோம்னு சொல்லல. நீரு ஒரு நாள்ல கொன்னுட்டீரே!"

வேறு கார்டு அடித்துக் கொடுத்தேன், பழையதை எல்லாம் எரித்தேன். அந்த அரை மணிக்குள் கைமாறியிருந்த சிலவற்றையும் அந்தம்மாவே வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கி வந்தார். ஏட்டு கொண்டுபோன ஒன்று என் நினைவுக்கே வரவில்லை. நோன்புக்கு முன்னால் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

சித்திரையில் அந்தம்மாவின் வக்கீல் முத்துவடிவு அச்சகத்துக்கு வந்தார். போலீஸ் கோர்ட்டில் புதிதாகக் கொடுத்த பதிலின் நகலை என் முன்னால் போட்டார். "காணாமல் போனதாகச் சொல்லப்படும் நபர் இறந்துவிட்டதை அவருடைய மனைவியே அச்சிட்டு அறிவித்துள்ளார்" என்று இருந்தது. கூடவே கார்டின் படம். கீழே பொடி எழுத்தில் என் அச்சகத்தின் பெயர். ஆள் இறந்துவிட்டார் என்று குடும்பமே ஒப்புக்கொண்டால் ஆட்கொணர்வு மனு நிற்காது, கேஸை மூடிவிடுவார்கள் என்று வக்கீல் விளக்கினார். ஒரு பெண் பிள்ளையின் கல்யாணக் கார்டை ஏமாற்றி வாங்கிக்கொண்டுபோய்த் தகப்பனின் சாவுக்குச் சாட்சியாக வைத்திருக்கிறார்கள். எத்தனையோ ஈனத்தனத்தைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

தவறு என்னுடையது என்று நான் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், விசாரணையிலும் வந்து சொல்ல வேண்டும் என்றார் வக்கீல். சரி என்றேன். இரண்டே நாளில் அதே ஏட்டு வந்தார், இந்த முறை யூனிபார்மில். அச்சகத்தை அண்ணாந்து பார்த்து, "பழைய கட்டடம். வயரிங்கெல்லாம் பத்திரமா இருக்கா அண்ணாச்சி? பேப்பர் வேற நெறைய வச்சிருக்கீக" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார். மகள் கல்யாணம் எப்போது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பயந்துபோய்க் குற்றாலத்துக்கு ஓடினேன், என்னை விட்டுவிடும்படி கெஞ்ச. ஷரீபுன்னிசா துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"நீரு வராட்டி நான் போவாமலா இருக்கப் போறேன்? நான் சொன்னா, பொம்பள மாத்திப் பேசுதான்னு எழுதுவான். அச்சடிச்ச ஆளு நீரு சொன்னா அப்படி எழுத முடியாதுல்லா. பயமா இருந்தா வராதீரும். ஆனா பயமா இருக்குன்னு சொல்லும், வயித்துவலின்னு சொல்லாதீரும்."

வயிற்றுவலி என்றுதான் சொல்லியிருந்தேன். போனேன்.

கோர்ட் உத்தரவுப்படி வெளியூரில் இருந்து ஒரு பெரிய அதிகாரி விசாரிக்க வந்தார். விசாரணையை எங்கே வைத்தார்? குற்றாலத்தில், விருந்தினர் மாளிகையில், ஆனி மாதம், சாரல் அடிக்கிற நேரமாகப் பார்த்து! காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். வராந்தாக் கம்பியில் அவர் வீட்டுப் பிள்ளைகளின் ஈர உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. ஐயா எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போயிருக்கிறார் என்றான் டிரைவர். பன்னிரண்டரைக்கு வந்தார், தலை ஈரத்தோடு, நல்லெண்ணெய் மணக்க. ஒரு மனுஷன் வெள்ளத்தில் போனானா, நம்பர் இல்லாத வண்டியில் போனானா என்று கண்டுபிடிக்க வந்தவர், முதலில் அருவியில் ஆசைதீரக் குளித்துவிட்டு வருகிறார். சீ என்றிருந்தது.

அவர் பக்கத்தில் உள்ளூர் இன்ஸ்பெக்டர் நின்றார். 2019இல் அதே ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஆக இருந்தவர். கேஸ் நடக்கிற ஆறு வருஷத்தில் அவருக்குப் பதவி உயர்வு மட்டும் தாமதமில்லாமல் வந்திருக்கிறது.

நான் நடந்ததைச் சொன்னேன். ஏட்டு கார்டு வாங்கிப்போன விதத்தையும் சொன்னேன். அதிகாரி சிரித்தார். "ஊருக்கே தெரிஞ்சதைத்தானே அடிச்சிருக்கீங்க? இதுல என்ன தப்பு?" என்றார். பிறகு ஷரீபுன்னிசா பக்கம் திரும்பி, கனிவான குரலை வரவழைத்துக்கொண்டார்.

"ஏம்மா, எத்தனை நாளைக்கு இப்படி அலைவீங்க? இறந்துட்டார்னு ஒரு கையெழுத்துப் போட்டா சர்ட்டிபிகேட் கிடைக்கும், விதவைப் பென்ஷன் கிடைக்கும். உங்க மார்க்கத்துலயே புருஷன் இறந்தா மனைவி வீட்டோட இத்தா இருக்கணுமாமே, நாலு மாசமோ என்னவோ. நீங்க அதுவும் இருக்காம கடை நடத்திக்கிட்டு இருக்கீங்க. பாவம் இல்லையா?"

ஷரீபுன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"நாலு மாசம் பத்து நாளு சார். நான் இருக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா மவுத்தான அன்னையில இருந்துல்லா எண்ணணும்? அது என்னைக்குன்னு எனக்குத் தெரியாது. உங்க ஆளுகளுக்குத் தெரியும். கேட்டு, தேதியப் போட்டு, கையெழுத்து வச்சுத் தாங்க. இன்னைக்கே கடையப் பூட்டிட்டு இத்தா இருக்கேன்."

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டு, "சார், இதையும் போடணுமா?" என்று கேட்டார். "கட்டாயம் போடணும்" என்றார் வக்கீல் முத்துவடிவு.

அதிகாரி அன்று முதல்முறையாகத் தலையைத் திருப்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தார். அவர் கழுத்தில் வேர்த்துக்கொண்டு வந்தது, வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தேதி தெரிந்தவன் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.