நான் மாப்பிள்ளை கேட்கவில்லை

இந்த வருடத் தவக்காலத்தில் நான் செபிப்பதையே விட்டுவிடலாம் என்ற நிலைக்கு வந்திருந்தேன். அழகாகச் சொல்ல எனக்கு வராது. மூன்று வருடமாக உளவியல் படித்தது வீண், என்னை எல்லோரும் சேர்ந்து முட்டாளாக்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த எல்லோரிலும் ஆண்டவரையும் சேர்த்திருந்தேன். மறைக்கவில்லை.

என் பெயர் றெஜினா. பன்னிரண்டு வயதில் மன்னாரிலிருந்து வந்தேன். அப்பா அம்மாவோடு பரிஸின் புறநகரான சார்செலில் இருக்கிறேன். சனி ஞாயிறுகளில் பரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு துணிக்கடையில் வேலை.

சில வருடங்களுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. அப்போது எங்கள் வீட்டுக்கு ஒரு பிரெஞ்சுப் பெண் வந்தாள். எர்கோதெரப்பி செய்பவள். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்று சொல்வார்கள். நோயாளி தன் அன்றாட வேலைகளைத் திரும்பத் தானே செய்யப் பழக்குவது. அவள் அப்பாவின் கையை நீவவில்லை, மருந்தும் தரவில்லை. “யாருடைய உதவியும் இல்லாமல் எதைச் செய்ய ஆசை?” என்று கேட்டாள்.

அப்பா யோசிக்கவே இல்லை. “சாரம் கட்டவேணும்.”

லுங்கியைத்தான் நாங்கள் சாரம் என்போம். அவளுக்கு அது என்னவென்று தெரியாது. அப்பாவின் சாரம் ஒன்றை வாங்கித் தன் ஜீன்ஸுக்கு மேல் சுற்றிப் பார்த்தாள். அது விழுந்தது. திரும்பச் சுற்றினாள். ஒரு கையால் கட்டுகிற வழியை இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிக்கச் சில கிழமைகள் ஆயின. அம்மாவைக் கூப்பிடாமல் அப்பா குளியலறையிலிருந்து தானே சாரம் கட்டிக்கொண்டு வந்த அன்று அவர் நடந்த நடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. செய்தால் இந்த வேலைதான் செய்வது என்று அன்றே முடிவெடுத்தேன்.

அந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். என்னை எடுக்கவில்லை. அப்போதுதான் ஒருவர் சொன்னார், உளவியல் பட்டம் இருந்தால் ஒரு எர்கோதெரப்பிக் கல்லூரியில் சில பாடங்களை விலக்கி, நேரே இரண்டாம் வருடத்தில் சேர்ப்பார்கள், அது விரைவு வழி என்று.

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. விசாவுக்கு விரைவு வழி, வேலைக்கு விரைவு வழி என்று சொல்லி நம்மவர்கள் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறார்கள்? அந்தக் கல்லூரிக்கு வேறு வேறு நாட்களில் போன் செய்தேன். வேறு குரல் எடுக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்தேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அப்படியென்றால் சொல்லிவைத்துப் பேசுகிறார்கள் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

அப்பா கேட்டார், “மூண்டு வருசம் சுத்திப்போய் ஒரு வருசத்தை மிச்சம் பிடிக்கப்போறியோ? இதுக்குப் பேர் விரைவு வழியோ?” எனக்குத் திறந்திருந்த வழி அது ஒன்றுதான். உளவியலில் சேர்ந்தேன், படித்தேன்.

கடைசி வருடத்தில்தான் இடி விழுந்தது. அந்தக் கல்லூரியின் நேர்முகத்துக்கு முன்னால் ஒரு எர்கோதெரப்பி நிபுணரோடு இரண்டு கிழமை ஸ்தாஜ் செய்திருக்க வேண்டும். அதாவது கூட நின்று வேலையைப் பார்த்துப் பழகுவது. அவர் கையெழுத்துப் போட்ட அத்தாட்சி இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் தொடவே மாட்டார்கள். “அடுத்த வருடம் பார்க்கலாமா?” என்று கேட்டேன். “அடுத்த வருடம் உளவியலில் இருந்து ஆள் எடுப்போமா என்று எங்களுக்கே தெரியாது” என்றார்கள்.

எழுதினேன். பரிஸில் உள்ள நிலையங்களுக்கு எழுதினேன், புறநகரில் உள்ளவற்றுக்கும் எழுதினேன். நேரிலும் போனேன். பாதிப் பேர் பதில் போடவில்லை. மீதிப் பேர் தங்கள் மாணவர்களை மட்டுமே எடுப்பதாகச் சொன்னார்கள். ஒரு இடம் வரச் சொல்லிவிட்டுப் போகும் நாளுக்கு முதல் நாள் வேண்டாம் என்றது. அன்று கார் து நோர் ரயில் நிலைய மேடையில் நின்று அழுதேன். யாராவது தெரிந்தவர்கள் பார்க்கிறார்களா என்று பார்த்துப் பார்த்து அழுதேன்.

லா சப்பலில் எங்கள் செபக்குழு செவ்வாய்க்கிழமை மாலையில் கூடும். வேலை முடிந்து வருகிறவர்கள் அந்தோனியார் செபம் சொல்லி, ஒவ்வொருவராகத் தங்கள் கருத்தை, அதாவது எதற்காகச் செபிக்க வேண்டும் என்பதை, சொல்வார்கள். சுகமில்லாத தாய்க்காக, விசாவுக்காக, பிள்ளையின் பரீட்சைக்காக. சொல்ல விரும்பாதவர்கள் “ஒரு தனிப்பட்ட கருத்துக்காக” என்பார்கள். எல்லோரும் சேர்ந்து மன்றாடுவோம்.

நான் ஒவ்வொரு செவ்வாயும் “ஒரு தனிப்பட்ட கருத்துக்காக” என்றேன். காரணம் உங்களுக்குத் தெரியும். நம்மவர்களிடம் ஒரு விஷயம் நடப்பதற்கு முன் வாய் திறக்கலாமா? நாவூறு பட்டுவிடும் என்ற பயம் ஒரு பக்கம், கதை கட்டுவது ஒரு பக்கம். நான் உளவியல் படிப்பது தெரிந்ததற்கே ஒரு மனுசி அம்மாவிடம் வந்து, “பிள்ளைக்கு ஏதும் மனப் பிரச்சினையோ?” என்று கேட்டாள். இதையும் சொன்னால், நடக்காமல் போனால் சிரிப்பார்கள்.

அந்தக் குழுவில் நான் மிகவும் பயந்தது ஜசிந்தா அக்காவுக்கு. அவரிடம் ஒன்றைச் சொன்னால் அது நமக்கு முன்னால் சார்செலுக்குப் போய்ச் சேரும். எப்போதும் என் பக்கத்தில் வந்து உட்காருவார். எனக்கு அதுவே சந்தேகம்.

குருத்தோலை ஞாயிறு நெருங்கும்போது ஆட்கள் என்னைப் பார்க்கிற பார்வை மாறியது. இரக்கமாகப் பார்த்தார்கள். ஒரு நாள் ஜசிந்தா அக்கா தன் போனை என் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

“பார் பிள்ளை, வடிவான பெடியன். டொரொன்டோவில இருக்கிறான். குடி இல்லை.”

“எனக்கேன் அக்கா காட்டுறியள்?”

“சும்மா நடியாதை. கலியாண வயசிலை ஒரு பிள்ளை தனிப்பட்ட கருத்து எண்டு ரெண்டு மாதமா அழுதுகொண்டு இருந்தால் எங்களுக்கு விளங்காதே?”

எனக்கு உச்சந்தலை கொதித்தது. நான் ஸ்தாஜுக்காகச் செபிக்கிறேன். முழுக் குழுவும் எனக்கு மாப்பிள்ளை கேட்டுச் செபித்துக்கொண்டிருக்கிறது! இதனால்தான் எனக்கு எதுவும் நடக்கவில்லை என்று முடிவு கட்டினேன். அடுத்த செவ்வாய் இடம் மாறி உட்கார்ந்தேன். அவரும் மாறி வந்து உட்கார்ந்தார்.

உயிர்ப்புத் திருநாள் முடிந்த செவ்வாய். செபத்தை நடத்துகிற மரியதாஸ் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு, “தங்கச்சி றெஜினாவுக்கு ஏற்ற ஒரு துணையை, காலம் தாழ்த்தாமல்...” என்று தொடங்கினார்.

எழுந்துவிட்டேன். “நிப்பாட்டுங்கோ அண்ணை! நான் மாப்பிள்ளை கேக்கேல்லை. எனக்கு ஒரு எர்கோதெரப்பெத் வேணும்!”

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மெதுவாகக் கேட்டது, “அதுவும் நல்ல உத்தியோகம்தான். ஆள் கத்தோலிக்கரோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பாவின் சாரம், உளவியல், ஸ்தாஜ், யாரும் பதில் போடாதது, எல்லாம். கோபத்தில்தான் சொன்னேன். பக்தியில் சொன்னேன் என்று பொய் எழுத மாட்டேன்.

ஜசிந்தா அக்கா என் கையைப் பிடித்தார். “பொறு, பொறு. யோகட் மூடியைத் திறக்க விடாத ஆக்களோ?”

அவர் சார்செலுக்குப் பக்கத்தில் ஒரு மறுவாழ்வு நிலையத்தில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டுக் கொடுக்கிறார். அது எனக்குத் தெரியும். அங்கே என்ன நடக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவரிடம் வாய் கொடுக்கக் கூடாது என்பதுதானே என் சட்டம்.

“அங்கை ஒருத்தி இருக்கிறாள் பிள்ளை. நான் சனத்துக்கு யோகட் மூடியைத் திறந்து குடுத்தால் ஓடிவந்து மறிப்பாள். அவையே திறக்கட்டும் எண்டுவாள். ஒரு கிழவன் அந்த மூடியோடை மல்லுக்கட்டினதைப் பாக்க எனக்கு வயிறு எரிஞ்சுது. அண்டைக்குப் பிடிச்ச சண்டை. இண்டைவரைக்கும் முகம் பாக்கிறேல்லை.”

“அவதான் அக்கா எர்கோ.”

“எனக்கென்ன தெரியும்? கல்நெஞ்சுக்காரி எண்டெல்லோ நினைச்சன்.” என் கையை இன்னும் விடவில்லை. “சரி. அவளிட்டைக் கேக்கிறன்.”

“முகம் பாக்கிறேல்லை எண்டியள்?”

“உனக்காகப் பாக்கிறன். ஆனா ஏன்டி முதலே சொல்லேல்லை? வெள்ளிக்கிழமையெல்லாம் உன்ரை மாப்பிள்ளைக்காக ஒருசந்தி பிடிச்சுப் பட்டினி கிடந்தனான்!”

அப்போதும் நான் நம்பவில்லை. ஊர் முழுக்கச் சொல்லப் போகிறார், காரியம் நடக்காது என்றுதான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சில நாட்களில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. திரும்ப வந்தது. எடுக்கவில்லை. பிறகு அந்த எண் உண்மையிலேயே அந்த நிலையத்தின் எண்தானா என்று இணையத்தில் பார்த்துவிட்டு நானே அழைத்தேன்.

“ஜசிந்தா என்னோடு பேசிப் பல மாதம்” என்றாள் அந்த யோகட் மூடிப் பெண். “உங்களுக்காக வந்து நின்று பேசினார். திங்கட்கிழமை ஸ்தாஜுக்கு வாருங்கள்.”

போனேன். அங்கே ஒரு வயதான மனிதர் கரண்டியைக் கொடுத்தால் எறிவார். கை வேலை செய்யும், ஆனால் எறிவார். பிடிவாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் எல்லோரையும் கவனித்துப் பார்க்கிற ஆள். அவர் எறிவதற்கு முன் ஒவ்வொரு முறையும் வாசலைப் பார்ப்பதைக் கண்டேன். நடைபாதையில் போகிறவர்கள் தன் வாயிலிருந்து சிந்துவதைப் பார்ப்பார்கள் என்ற வெட்கம் அது. கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பலாமா என்று கேட்டேன். திருப்பினோம். அன்று அவர் பாதிச் சாப்பாட்டைத் தானே சாப்பிட்டார். உளவியல் படித்ததால் அது எனக்குத் தெரிந்ததா, சந்தேக புத்தியால் தெரிந்ததா என்று கேட்காதீர்கள். இரண்டும் இருக்கும்.

அத்தாட்சி கிடைத்தது. கையெழுத்தைப் பார்த்தேன், முத்திரையைப் பார்த்தேன், வெளியே வந்து இன்னொரு முறை பார்த்தேன்.

நேர்முகம் அந்தோனியார் திருநாளுக்கு முந்திய கிழமை நடந்தது. தேர்வாளர்களில் நடுவில் இருந்தவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, “ஒரு வருடத்தைக் குறைக்கத்தானே உளவியல் படித்தீர்கள்?” என்று கேட்டார். அவருக்கும் சந்தேகம். எனக்கு அது பிடித்துப்போனது. “ஆம், அதற்காகத்தான் போனேன்” என்றேன். “போன பிறகு வேறொன்று தெரிந்தது. கை வேலை செய்யாததற்குக் காரணம் எப்போதும் கையில் இருக்காது.” கரண்டி எறிந்த மனிதரைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

என்னை இரண்டாம் வருடத்தில் சேர்த்தார்கள். செய்தி வந்தபோது கடையில் ஒருவருக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். முதலில் ஜசிந்தா அக்காவுக்குத்தான் சொன்னேன். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அப்பா ஒரு கையால் என் தலையைத் தடவி, “விரைவு வழிதான்” என்றார்.

சகோதரங்களே, நான் திருந்திவிட்டேன் என்று எழுத மாட்டேன். இன்னும் தெரியாத எண்ணை எடுப்பதில்லை. ஆனால் ஒன்றை என்னால் மறுக்க முடியாது. என் மனதிலிருந்தது ஆண்டவருக்கு முதல் நாளே தெரியும். அவர் வானத்திலிருந்து இறங்கி வந்து எனக்கு அத்தாட்சியில் கையெழுத்துப் போட மாட்டார். ஆளைத்தான் அனுப்புவார். அனுப்பின ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன வேண்டும் என்று அந்த ஆளுக்குத் தெரிய வேண்டாமா? அந்தோனியாருக்கு நன்றி. மடு மாதாவுக்கு நன்றி. எனக்காகத் தன் ரோஷத்தை விட்டுக்கொடுத்த ஜசிந்தா அக்காவுக்கும் நன்றி. அவருக்காக நான் ஒவ்வொரு செவ்வாயும் பெயர் சொல்லிச் செபிக்கிறேன்.

நீங்களும் எதையாவது உள்ளே பூட்டிவைத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தால், எழுந்து சொல்லுங்கள். விசா என்றால் விசா என்று சொல்லுங்கள். புருஷன் குடிக்கிறான் என்றால் குடிக்கிறான் என்று சொல்லுங்கள். நாலு பேர் கதைப்பார்கள்தான். கதைக்கட்டும். அந்த நாலு பேரில் ஒருவருக்கு உங்களுக்கு வேண்டிய ஆளைத் தெரிந்திருக்கும்.

என் கருத்தை இங்கேயே சொல்கிறேன். முதல் வருடத்தைத் தாண்டி வந்ததால் உடற்கூற்றியலை நான் தனியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. தை மாதத்தில் பரீட்சை. மணிக்கட்டின் எலும்புகள் எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. பயமாக இருக்கிறது. எனக்காகச் செபியுங்கள். யாருக்காவது அதைச் சொல்லித்தரத் தெரிந்திருந்தால், செவ்வாய்க்கிழமை வாருங்கள்.