அடியில் பொந்து வைத்த மரம்

ராமுத்தாயிடம் ஒரு பொருளைக் காணோம் என்று சொல்லிப் பாருங்கள். சாவியோ, செல்போனோ, மூக்குத்தித் திருகோ, எதுவானாலும் அவள் கண் அலமாரிக்குப் போகாது. நேரே தரைக்குத்தான் போகும். கட்டிலுக்கடியில், பீரோவுக்கடியில், சாக்குக்கடியில் எல்லாம் தேடி முடித்த பிறகுதான் நிமிர்வாள். அவள் புருஷன் சோணை ஜீப்பு டிரைவர். மலைமேல் ஏலத்தோட்டத்து வேலைக்கு ஏற்றிப்போகும் பெண்களிடம் இதைச் சொல்லியே தினமும் சிரிக்க வைப்பான்.

"வானத்துல நெலாவக் காணோம்னாலும் எம்பொண்டாட்டி கட்டிலுக்கடியிலதான் தேடுவா."

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷம் ஏலக்காய் எடுத்தவளுக்கு வேறெப்படிக் கண் போகும்? ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும்; காய் மேலே இருக்காது. அடித்தூரில் கிளம்பிச் சரம் சரமாக மண்ணில் படர்ந்து கிடக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இலையை விலக்கி, சருகைத் தள்ளி, விளைந்த காயை மட்டும் விரலால் தெரிந்து எடுக்க வேண்டும். அந்தக் காட்டில் நிமிர்ந்து நின்று வேலை பார்ப்பவர் சூப்பர்வைசர் ஒருவர்தான்.

அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே நாற்பத்தாறு வயதில் ராமுத்தாயின் முட்டி தேய்ந்துபோனது. ஆபரேஷன் செய்து, இனி குத்துக்காலிடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ராசிங்காபுரத்து வீட்டில் நாற்பது நாள் காலை நீட்டிப் படுத்துக் கிடந்தாள். சும்மா இருக்கத் தெரியாதவள் என்பதால் மதுரையில் நர்ஸாக இருக்கும் மகள் ரோஜா ஒரு குரோஷா ஊசியும் நாலு உல்லன் நூல்கண்டும் வாங்கி வந்து கொடுத்தாள். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ராமுத்தாய் கண்ணி போடப் பழகினாள். முதலில் பின்னியது சோணைக்கு ஒரு குல்லா. அளவு பிசகி அது புருவம் வரைக்கும் இறங்கியது. அதையும் போட்டுக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் அவன் ஜீப்பு ஓட்டினான் என்றால், வாயில்தான் கேலியே தவிர ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ளலாம்.

முட்டி ஓரளவு தேறியதும் தோட்டத்தில் அவளுக்குப் புள்ளைக் கொட்டகையைக் கொடுத்தார்கள். காய் எடுக்கும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற தகரக் கொட்டகை அது. இடுப்பளவு படல் கதவு, நாலு பாய், ஒரு பெஞ்சு, பால் காய்ச்ச அடுப்பு. பிள்ளைகள்தான் இல்லை. நாலே நாலு பேர் வந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் ஜார்க்கண்டிலிருந்து வந்து தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் தங்கியிருக்கும் பெண்களின் பிள்ளைகள். அந்தத் தாய்மார் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டோ, செடிகளுக்கு நடுவே சாக்கை விரித்து உட்காரவைத்தோதான் காய் எடுத்தார்கள். பாஷை தெரியாத பொம்பளையிடம் பிள்ளையை யார் விடுவார்?

சூப்பர்வைசர் மகாராஜன் ஒருநாள் படலுக்கு வெளியே நின்று விஷயத்தைச் சொன்னான். நல்லவன்தான், ஆனால் மேலிடத்து வார்த்தையை அப்படியே கொண்டுவந்து இறக்குகிறவன்.

"அக்கா, நாலு புள்ளைக்கு ஒரு கொட்டகையான்னு மேனேஜர் கேக்குறாரு. இந்தச் சுத்துக் காய் எடுத்து முடியுற அன்னிக்கு நான் வந்து பாப்பேன். பத்துப் புள்ளை இருந்தாக் கொட்டகை இருக்கும். இல்லாட்டி உர மூட்டை அடுக்கச் சொல்லீட்டாரு."

ஒரு சுத்து என்றால் தோட்டம் முழுக்க ஒரு தடவை காய் எடுத்துத் தீருவது. இருபத்தைந்து நாள் ஆகும்.

ராமுத்தாய்க்கு வேலை போய்விடுமே என்ற கவலையைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ரோஜா ஒன்றரை வயதுக் குழந்தையாக இருந்தபோது கொட்டகையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. செடிக்கு நடுவே சாக்கில் உட்காரவைத்துவிட்டு இரண்டு செடி தள்ளிப் போனாள். திரும்பிப் பார்த்தால் சாக்கு மட்டும் கிடந்தது. ஏலக்காட்டுக்குள் ஆனை நின்றாலே தெரியாது, ஒரு பிடிப் பிள்ளையா தெரியும்? தோட்டமே திரண்டு ஒன்றரை மணி நேரம் தேடியது. கடைசியில் ஒரு தூருக்கடியில், இலைக்குள், விரலைச் சூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மகள். அந்த ஒன்றரை மணி நேரத்தை ராமுத்தாய் இன்றைக்கும் மறக்கவில்லை. அதே காட்டில் இப்போது பதினைந்து பிள்ளைகள் சாக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் சுமித்ராவிடம் போய்ப் பேசிப் பார்த்தாள். ஜார்க்கண்டுப் பெண்களில் வாயும் கையும் வேகம் உள்ளவள் அவள். அவள் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். மகள் முன்னிக்கு இரண்டு வயது. ராமுத்தாய் கெஞ்சிக் கூத்தாடி முன்னியைக் கொட்டகைக்குத் தூக்கி வந்தாள். அரை மணி நேரம் மலையே அதிரும்படி அழுது தீர்த்தாள் அந்தப் பிள்ளை. சுமித்ரா ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். அங்கேயும் இங்கேயுமாகப் பொறுக்கிச் சேர்த்த தமிழில், "வேண்டாம் சேச்சி, முன்னி பயம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் ராமுத்தாய்க்கு இன்னும் வலித்தது.

அன்று மகளிடம் போனில் புலம்பினாள். மறுநாள் ரோஜா ஒரு வீடியோ அனுப்பினாள். எங்கேயோ ஒரு வெள்ளைக்காரி உல்லன் நூலில் ஒரு மரம் பின்னியிருந்தாள். மரத்தில் ஆங்காங்கே பொந்துகள். பொந்துக்குள் குட்டிக் குட்டி மிருகங்கள். கையை விட்டால் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ராமுத்தாய் அதை ஏழு தடவை பார்த்தாள். இதற்குப் பாஷை எதற்கு என்று தோன்றியது.

போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் இருந்த பழுப்பு நூல் மொத்தத்தையும் அள்ளியும் பாதி மரத்துக்குத்தான் கண்டது. மீதிப் பாதிக்குச் செங்கல் நிறம் கிடைத்தது. உள்ளே அடைக்க இலவம்பஞ்சு. போடியில் அதற்கா பஞ்சம்? நடுவில் பழைய பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து வைத்து, சாயாமலிருக்க உள்ளே கூழாங்கல் மூட்டை ஒன்றைத் திணித்தாள். ஜீப்பில் போகும்போதும் வரும்போதும் கை ஓயவில்லை. மலையணில், தேவாங்கு, இருவாச்சிப் பறவை, மரநாய், மிளாமான் குட்டி, ஆனை என்று மலையில் கண்டதையெல்லாம் பின்னினாள். தேவாங்குக்குக் கண் வைக்கச் சோணையின் பழைய சட்டையிலிருந்து இரண்டு பட்டன் போயின.

"சட்டை போச்சு, சோறும் நேரத்துக்கு இல்ல. இந்த மரம் காய்ச்சுத்தான் நாம திங்கணும்போல" என்றான் சோணை.

"நீ தின்னது போதும், இந்தச் சிண்டைப் பிடி" என்று நூலை அவன் கையில் கொடுத்தாள்.

இருபதாம் நாள் மரம் எழுந்து நின்றது. ராமுத்தாயின் இடுப்பு உயரம். வீடியோ காலில் ரோஜாவுக்குக் காட்டினாள்.

"ஏம்மா, பொந்து எல்லாம் அடியில இருக்கு. மேல ஒண்ணுமே காணோம்?"

ராமுத்தாய் அப்போதுதான் தள்ளி நின்று பார்த்தாள். உண்மைதான். ஆறு பொந்தும் தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்துக்குள் தூரைச் சுற்றி இருந்தன. ஆனைப் பொந்து மண்ணைத் தொட்டது. மேலே ஒன்றுமில்லாத மொட்டைத் தண்டு. இலையாவது மரத்து இலைபோல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. நீள நீளமாக, ஏலத்தோகை மாதிரி, நுனி தரையைத் தொடத் தொங்கியது. இருபத்திரண்டு வருஷம் காயைத் தேடிக் கீழேயே போன கை, பொந்தையும் கீழேயே வைத்துவிட்டது.

சோணை பாயில் உருண்டு உருண்டு சிரித்தான். "ஒலகத்துலயே வேர்ல பொந்து வச்ச மரம் எங்க வீட்டுலதான்டி இருக்கு."

ராமுத்தாய்க்கு அழுகை முட்டியது. பிரித்துப் பின்னலாம் என்றால் இன்னும் பத்து நாளாவது வேண்டும். இருந்தது ஐந்து நாள். இவ்வளவு பாடுபட்டும் கோணலாகப் போனதே என்று அவமானமாக இருந்தது. சோணை அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். மறுநாள் காலையில் அவள் சொல்லாமலேயே மரத்தைத் தூக்கி ஜீப்பின் முன் சீட்டில் வைத்து, உருண்டுவிடாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். அன்றைக்கு ஜீப்பில் வந்த பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் நெருங்கிப் பின்னால் உட்கார்ந்தார்கள்.

பிள்ளைகள் கொட்டகைக்கு வரமாட்டார்கள் என்றால் மரம் பிள்ளைகளிடம் போகட்டும் என்று ராமுத்தாய் முடிவு செய்தாள். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் உட்காரும் இடத்துக்கு மரத்தை இடுக்கிக்கொண்டு நடந்தாள். நடுவில் வைத்துவிட்டு, தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்தாள்.

சுமித்ராவின் மடியில் இருந்த முன்னிதான் முதலில் பார்த்தாள். மலையணிலின் வால் பொந்துக்கு வெளியே தொங்கியது, சரியாக அவள் மூக்குக்கு நேராக. மடியை விட்டு இறங்கினாள். இழுத்தாள். முழு அணிலும் கையோடு வந்தது. அடுத்த பொந்தில் கையை விட்டாள். உருட்டு விழியோடு தேவாங்கு வந்தது. நடக்கத் தெரியாத பிள்ளைகூட முட்டிபோட்டு வந்து கையை விட்டது. பொந்து மட்டும் மேலே இருந்திருந்தால் அதில் ஒரு பிள்ளைக்காவது எட்டியிருக்குமா? கொஞ்ச நேரத்தில் மரத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நீளத் தோகையை விலக்கி விலக்கி அடியில் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

சுமித்ரா அதைப் பார்த்துச் சோற்றுக் கையோடு சிரித்தாள். தன் விரலால் ஏலக்காய் கிள்ளுவதுபோல் காட்டி, தன் பாஷையில் "இலாய்ச்சி" என்றாள். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். தங்கள் பிள்ளைகள் காய் எடுப்பதுபோலவே இருந்தது அவர்களுக்கு.

ராமுத்தாய் மரத்தை இடுக்கிக்கொண்டு கொட்டகையைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை; பின்னால் வந்த பிள்ளைகளின் சத்தமே போதுமானதாக இருந்தது.

சுத்து முடிவதற்கு முந்தின நாள் கொட்டகையில் பதின்மூன்று பிள்ளைகள். மறுநாள் என்ன ஆனது தெரியுமா? விடிய விடிய மழை பெய்து மூன்று பிள்ளைகள் சளி பிடித்து வரவில்லை. அன்றைக்குப் பார்த்துத்தான் மகாராஜன் குடையோடு வந்தான். பின்னாலேயே உர மூட்டை ஏற்றிய ஜீப்பு. ஓட்டி வந்தவன் வேறு யார், சோணைதான். லோடு ஏற்றச் சொன்னால் ஏற்றித்தானே ஆக வேண்டும்? பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்து, சாவியைப் பெஞ்சில் வைத்துவிட்டு மூலையில் நின்றுகொண்டான்.

மகாராஜன் நின்றபடியே எண்ணினான். இரண்டாம் தடவையும் எண்ணினான்.

"ஒம்பதுதான் இருக்குக்கா" என்றான். அவன் குரலிலும் வருத்தம் இருந்தது.

ராமுத்தாயும் ஒரு தடவை தலைகளை எண்ணிப் பார்த்தாள். முன்னி எங்கே? காலையில் சுமித்ரா கையிலிருந்து வாங்கியது அவள்தான். படலைப் பார்த்தாள்; சாத்தித்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய அந்தச் சாக்கு கண்முன் வந்து நின்றது. மகள் கிடைத்த இடமும் கூடவே நினைவுக்கு வந்தது. கண் தானாகத் தரைக்குப் போனது. கொட்டகைக்குள் காற்றே இல்லை. ஆனால் மரத்தின் தோகை ஒன்று அசைந்தது.

அவள் நெஞ்சு நிறைந்துபோனது. குரலை மட்டும் அடக்கிக்கொண்டாள்.

"தம்பி, குனிஞ்சு பாருங்க."

"எங்கக்கா?"

"எனக்கு முட்டி மடங்காது. நீங்க கொஞ்சம் கீழ உக்காந்து அந்த எலைய வெலக்குங்க."

தேய்த்த பேன்ட்டோடு மகாராஜன் மெல்லக் குனிந்தான். போதவில்லை. குடையை வைத்துவிட்டு, இரண்டு முட்டியையும் தரையில் ஊன்றி, காய் எடுப்பவர்கள் செய்வதுபோலத் தோகையைக் கையால் விலக்கினான். ஆனைப் பொந்துக்குள் தலையை விட்டபடி, ஆனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் குந்தியிருந்தாள் முன்னி. வெளிச்சம் பட்டதும் திரும்பி அவனைப் பார்த்தாள். ஆனையை அவன் முகத்துக்கு நேரே நீட்டிக் கலகலவென்று சிரித்தாள்.

"பத்து" என்றான் மகாராஜன், முட்டிபோட்ட நிலையிலேயே.

"எங்க காட்டுல நின்னுக்கிட்டு எண்ணுனா ஒண்ணும் கெடைக்காது தம்பி" என்றாள் ராமுத்தாய்.

அவன் எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, தானும் சிரித்துவிட்டான். "சோணைண்ணே, மூட்டையப் பழைய ஸ்டோருக்கே கொண்டுபோயிருங்க. கொட்டகையில எடம் இல்லைன்னு நான் மேனேஜர்ட்டச் சொல்லிக்கிறேன்."

சோணைக்கு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. வெரசாக வெளியே ஓடி ஜீப்பில் ஏறினான். ஏறிய வேகத்திலேயே இறங்கி வந்தான். சட்டைப் பையைத் தட்டினான், பெஞ்சைத் தடவினான், ஆணியில் தொங்கிய குல்லாவை உதறினான். சாவியைக் காணோம். பத்துப் பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டு அவனையே பார்த்தார்கள்.

ராமுத்தாய் பால் சட்டியை அடுப்பில் ஏற்றிக்கொண்டே மரத்தைக் கண்ணால் காட்டினாள். சோணை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தோகையை விலக்கி, அடிப்பொந்துக்குள் கையை விட்டான்.