மஞ்சள் பேருந்தில் எழுதிய பரீட்சை

ட்வைலா ராட்லிஃப் முதன்முதலாக இணையத்தில் படிக்க உட்கார்ந்தபோது, தேடல் பெட்டிக்குள் இப்படித் தட்டினாள்: "வணக்கம். என் பெயர் ட்வைலா. பின்னங்களை எனக்குப் பொறுமையாகச் சொல்லித்தர முடியுமா? மிக்க நன்றி."

எங்கள் பள்ளிப் பேருந்துப் பணிமனையில் வெகுநாள் இதைச் சொல்லிச் சிரித்தோம். மெக்கானிக் ஓடெல் கையில் கிரீஸோடு அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பான்.

"ஏன் ட்வைலா, கூகுளுக்கு நலம் விசாரிச்சு கடுதாசி போட்டியாமே? பதில் வந்துச்சா?"

"வந்துச்சு. உன்னப் பத்தியும் கேட்டிருக்கு. 'அந்தச் சோம்பேறி இன்னும் உன் பிரேக்கப் பாக்கலியா'ன்னு."

ட்வைலா பள்ளியைப் பாதியில் விட்டவள். பிற்பாடு எப்படியோ பள்ளிச் சான்றிதழை வாங்கிவிட்டாள், ஆனால் கணக்கு மட்டும் கைக்கு வரவில்லை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மலைச் சரிவுகளில் மஞ்சள் பேருந்தை வளைத்து வளைத்து ஓட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவளுக்கு இப்போது பின்னம் எதற்கு?

தண்ணீருக்கு.

எங்கள் கோல்ட்டர் க்ரீக்கில் குழாயைத் திறந்தால் தேநீர் நிறத்தில் கொட்டும். வெள்ளைச் சட்டை வாங்குகிறவர் ஊரில் யாருமில்லை; வாங்கினாலும் ஒரு சலவைக்குத்தான் அது வெள்ளை. மேற்கு வர்ஜீனியாவின் இந்தப் பள்ளத்தாக்கைக் குடைந்து நிலக்கரி எடுத்தவர்கள் லாபத்தை எங்கோ கொண்டுபோனார்கள், துருவை எங்களுக்கு விட்டுப்போனார்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் உரிமம் பெற்ற ஆள் கிடையாது. பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவர் நினைத்தபோது வந்து எட்டிப் பார்ப்பார். பணக்காரர்கள் குடியிருக்கும் தெருவில் ஒரு நாள் இப்படித் தண்ணீர் வந்திருந்தால் மறுநாளே மந்திரிகள் கார்களில் வந்து இறங்கியிருப்பார்கள். எங்களுக்கு வந்ததெல்லாம் 'காய்ச்சிக் குடிக்கவும்' என்ற அறிவிப்புதான். தண்ணீரில் கலந்த இரும்பையும் மாங்கனீசையும் காய்ச்சினால் சூடான இரும்பும் சூடான மாங்கனீசும் கிடைக்கும், அவ்வளவே.

ஞாயிறுதோறும் தேவாலயத்தில் நல்ல தண்ணீருக்காக ஜெபம் நடக்கும். ட்வைலாவும் எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே வந்து, மாங்கனீசு என்றால் என்ன என்று தன் கைப்பேசியில் தேடினாள். ஊரிலேயே ஜெபத்தின் அடுத்த வேலையைச் செய்த ஒரே ஆள் அவள்தான் என்று நான் நினைப்பதுண்டு.

தேடத் தேட ஒரு செய்தி கிடைத்தது. மாவட்டத் தலைநகரத்துக் கல்லூரியில் தண்ணீர் நிலையத்தை இயக்குவதற்கான மாலைநேரப் படிப்பு ஒன்று இருந்தது. சேர ஒரு கணக்குத் தேர்வு, அதையும் இணையத்திலேயே எழுதலாம். தேறாதவர்கள் முதலில் காலை வகுப்பில் அடிப்படைக் கணக்கு படிக்க வேண்டும். காலை என்பது பேருந்து ஓடும் நேரம். ஆகவே ட்வைலாவுக்குத் தேர்வில் தோற்பதும் படிப்பே இல்லாமல் போவதும் ஒன்றுதான்.

படிக்க இடம் வேண்டுமே! பள்ளத்தாக்கில் அலைவரிசை கிடைக்கும் ஒரே சமதளம் தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடம். அங்கே கடவுள் இருந்தாரா என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. இணையம் இருந்தது. காலைச் சுற்று முடிந்ததும் பேருந்தை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நூலகத்தில் இரவல் வாங்கிய மடிக்கணினியை ஸ்டியரிங்குக்கு மேலே சாய்த்துவைத்து, மத்தியானச் சுற்று வரைக்கும் படிப்பாள்.

இலவசக் காணொளிகள், பயிற்சித் தளங்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயலிகள் என்று ஒரு சந்தையே அதற்குள் விரிந்து கிடந்தது. ட்வைலா சந்தைக்குப் புதியவள். ஒரு தளத்தில் சரியான விடை சொன்னால் பச்சை டிக் விழும். ஒரு பாடம் முழுக்கப் பச்சையானால் திரையில் வண்ணக் காகிதம் பறக்கும். அந்தக் காகிதத்துக்கு அவள் அடிமையாகிவிட்டாள். தப்பாகப் போனால் மறுபடி போடுவாள், பிறகும் மறுபடி போடுவாள். சீக்கிரமே பாடம் பாடமாகப் பச்சை பூத்தது. பணிமனையில் எல்லோருக்கும் அதைக் காட்டுவாள்.

"உருளையோட கொள்ளளவு, நூத்துக்கு நூறு! பாத்தியா ஓடெல்?"

"பாத்தேன் பாத்தேன். கிறிஸ்துமஸ் மரம் மாதிரி ஜொலிக்குது."

அந்த வசந்தத்தில் ஓடை பெருகி அவள் தங்கை மார்வாவின் கிணற்றுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. மார்வா கிணற்றடியிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, கெணத்துல எவ்ளோ பிளீச் ஊத்தணும்? தண்ணி எவ்ளோ இருக்குன்னு தெரிஞ்சா பாட்டில்லயே கணக்கு போட்டிருக்கான். நீதான் உருளையில நூத்துக்கு நூறாச்சே."

ட்வைலா போனாள். கிணற்றின் அகலத்தை அளந்தாள், கயிறு விட்டு ஆழம் பார்த்தாள். அப்புறம் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னக்கா?"

"இதுல ஆப்ஷன் இல்லியேடி."

மார்வா சிரித்த சிரிப்பு மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். ட்வைலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தளம் ஒரே ஏழெட்டுக் கேள்விகளைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தது. குழாய்ப் படம் வந்தால் மூன்றாவது விடை, பீப்பாய்ப் படம் வந்தால் முதல் விடை. அவள் கற்றுக்கொண்டது உருளையை அல்ல, அந்தத் தளத்தை. வகுப்பறையில் இதை ஓர் ஆசிரியர் எப்படியாவது கண்டுபிடித்திருப்பார். தனியாகப் படிக்கிறவர்களைக் கண்டுபிடிக்க யாரும் இல்லை. வண்ணக் காகிதம் பறந்துகொண்டே இருக்கும்.

மறுநாள் முதல் அவள் டிக்குகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. காணொளியில் கணக்கைச் சொன்ன உடனே நிறுத்துவாள். தானே போட்டு முடித்த பிறகுதான் மீதியை ஓடவிடுவாள். எண்களை மாற்றி அதே கணக்கைத் திரும்பப் போடுவாள். பதில் சொல்லும் செயலியிடம், "விடையைச் சொல்லாதே, நான் எங்கே சறுக்கினேன் என்று மட்டும் சொல்" என்று கேட்கப் பழகினாள். ஒரு தடவை அந்தச் செயலியே கேலனையும் கன அடியையும் குழப்பித் தப்பாகச் சொன்னது. அதுவும் எவ்வளவு மரியாதையாக, எவ்வளவு உறுதியாக! ட்வைலா கையால் போட்டுப் பார்த்துப் பிழையைப் பிடித்தாள். "மன்னிக்கவும், நீங்கள் சொல்வதே சரி" என்றது அது. அன்று முழுக்க அவள் கால் தரையில் படவில்லை.

எல்லாவற்றையும்விட வேடிக்கை அவளுடைய பாடம் நடத்தல். புரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லிப்பார்த்தால்தான் மனதில் நிற்கும் என்று எங்கோ படித்திருந்தாள். சொல்லத்தான் ஆளில்லை. காலி இருக்கைகளைப் பார்த்து பேருந்தின் ஒலிபெருக்கியில் வகுப்பெடுத்தாள். வெளி ஒலிபெருக்கியும் சேர்ந்து திறந்திருப்பதை அவள் கவனிக்கவில்லை. போதகர் கல்லறைத் தோட்டத்துக்குப் புல் வெட்ட வந்தவர், அசையாமல் நின்று விகிதாசாரம் முழுவதையும் கேட்டுவிட்டுப் போனார்.

தேர்வு நாள் வந்தது. 'தனிமையான, அமைதியான அறையில் அமர்ந்து எழுதவும். கணினியின் கண்காணிப்பு மென்பொருள் உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கும்' என்றது விதி. மூடிய பேருந்தைவிடத் தனிமையான அறை ஊரில் ஏது? ட்வைலா வழக்கம்போல ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து எழுதினாள். முடித்ததும் திரையில் மதிப்பெண் வந்தது. தேறியிருந்தாள், அதுவும் தாராளமாக. பணிமனைக்கு வரும் வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தாள்.

சில நாளில் கல்லூரியிலிருந்து மின்னஞ்சல். 'தேர்வின்போது தேர்வர் மீண்டும் மீண்டும் திரைக்கு மேலே, வலப்பக்கம் பார்த்திருக்கிறார். நேர்மையின்மை என்று மென்பொருள் மதிப்பிட்டுள்ளது. மதிப்பெண் ரத்து. ஓராண்டுக்கு மறுதேர்வு இல்லை.'

அவள் அழவில்லை. பேருந்தின் படியில் உட்கார்ந்து, "நான் எங்கயும் பாக்கலியே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. மந்திரவாதி ஒருவன் வெற்றிலையில் மை தடவி, 'இவள்தான் திருடி' என்று சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்கள். அதே தீர்ப்பைக் கணினி சொன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள். மையைக் கேள்வி கேட்கக் கற்ற மனிதன் மென்பொருளையும் கேள்வி கேட்க வேண்டாமா? அமைதியான தனி அறையும் நல்ல மேசையும் உள்ளவன் நேர்மையானவன், பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறவள் திருடி. இது கணிதமாம்!

ட்வைலா கோபத்தில் நேரத்தைச் செலவழிக்கவில்லை. பின்னத்தைத் தேடியது போலவே இதையும் தேடினாள். கல்லூரியின் விதிகளை முழுக்கப் படித்தாள். மேல்முறையீடு உண்டு, பதிவான காணொளியைக் கேட்டு வாங்கும் உரிமையும் உண்டு என்று கண்டுபிடித்தாள். வாங்கினாள். பணிமனையில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். உண்மைதான். கணக்கு போடுகிறாள், மேலே பார்க்கிறாள். கணக்கு போடுகிறாள், மேலே பார்க்கிறாள்.

"என்னத்தடா பாக்குறேன் நானு?" என்றாள் அவளே.

ஓடெல் திடீரென்று தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "அட பைத்தியமே! கண்ணாடியப் பாக்குற! பின்னாடி எந்தப் புள்ள எந்திரிச்சு நிக்குதுன்னு பாக்குற! வேல பழக்கம்!"

பள்ளிப் பேருந்து ஓட்டுகிற யாருக்கும் அந்தக் கண் ஓயாது. தலைக்கு மேலே உள்ள நீளக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் எங்களுக்குப் பயிற்சியே. பார்க்காத ஓட்டுநரின் வண்டியில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

இதை எழுதி அனுப்பினாள். 'விளக்கம் போதுமானதல்ல' என்று பதில் வந்தது. நேரடி விசாரணை வேண்டும் என்று கேட்டாள். காணொளி அழைப்பில் ஒரு நாள் கொடுத்தார்கள்.

அன்றும் அதே நிறுத்துமிடம், அதே ஓட்டுநர் இருக்கை. வேறெங்கும் அலைவரிசை இல்லையே! நானும் ஓடெலும் படியில், கேமராவுக்கு எட்டாமல் வாய் மூடி உட்கார்ந்திருந்தோம். திரையில் இரண்டு பேர்: தேர்வு அலுவலர் திருமதி ப்ரூயிட், தண்ணீர்ப் படிப்பின் ஆசிரியர் சிசம்.

ப்ரூயிட் விதிகளை வாசித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். "மிஸ் ராட்லிஃப், யாரு இருக்கா அங்க?"

"எங்க மேடம்?"

"இப்பக்கூட மேல பாத்தீங்க. இதோ, மறுபடியும்! விசாரணையிலயே யாரோ உங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறாங்களா?"

ட்வைலா மடிக்கணினியை இரண்டு கையாலும் தூக்கி, மேலே திருப்பிப் பிடித்தாள். "நல்லாப் பாருங்க மேடம். கண்ணாடி. அதுல தெரியிறதெல்லாம் காலி சீட்டு. அதுங்க எனக்கு விடை சொல்லிக் குடுக்கும்னா, அதுங்களையும் கல்லூரியில சேத்துக்குங்க."

சிசம் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கேட்டார்: "சரிம்மா, ஒண்ணே ஒண்ணு. ஆயிரம் கேலன் தொட்டி. நிமிஷத்துக்கு இருபது கேலன் வெளிய போகுது. எப்ப காலியாகும்?"

"உள்ள வர்ற குழாய் தெறந்திருக்கா மூடியிருக்கா? அதச் சொல்லலியே சார்."

"மூடியிருக்கு."

"அம்பது நிமிஷம். தெறந்திருந்தா, எவ்வளவு வருதுன்னு சொல்லுங்க, அதையும் போடுறேன்."

"என் வகுப்புல பாதிப் பேரு இந்தக் கேள்விய என்கிட்ட திருப்பிக் கேட்டதில்ல" என்றார் சிசம்.

ப்ரூயிட் தொண்டையைச் செருமினார். "சரி. கருணை அடிப்படையில உங்களுக்கு மட்டும் மறுதேர்வு எழுத அனுமதி தரலாம்."

வகுப்பு தொடங்க அதிக நாளில்லை. வாங்கிக்கொள் பெண்ணே, வாங்கிக்கொள்!

"வேணாம் மேடம்" என்றாள் ட்வைலா. குரலில் சூடே இல்லை. "கருணை தப்பு பண்ணவங்களுக்கு. நான் பண்ணல. என் மார்க் எங்கிட்ட இருந்துச்சு, நீங்க எடுத்தீங்க. திருப்பிக் குடுங்க. நேர்மையில்லன்னு எழுதுனதையும் அழிங்க."

ஓடெல் என் முழங்கையைப் பிடித்து நசுக்கிவிட்டான். திரையில் ஒலியை நிறுத்திவிட்டு இருவரும் ஏதோ பேசினார்கள். சிசமின் கைதான் அதிகம் ஆடியது. பிறகு ஒலி வந்தது.

"பழைய மதிப்பெண் செல்லும்" என்றார் ப்ரூயிட். "பதிவும் நீக்கப்படும். படிப்பில உங்களுக்கு இடம் உண்டு. வாழ்த்துகள். அழைப்ப முடிச்சுக்கலாமா?"

"ரொம்ப நன்றி மேடம். ஒரு நிமிஷம்." ட்வைலா இருக்கையில் நிமிர்ந்தாள். "இந்த மென்பொருள் இந்த வருஷம் இன்னும் எத்தன பேரத் திருடின்னு சொல்லிருக்கு? அதுல கைக்குழந்தையத் திரும்பிப் பாத்தவங்க எத்தன? அடுப்பத் திரும்பிப் பாத்தவங்க எத்தன? அவங்க யாராச்சும் காணொளி கேட்டாங்களா? கேக்கலாம்னு யாராச்சும் அவங்ககிட்ட சொன்னீங்களா?"

ப்ரூயிட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம்... எங்கிட்ட இப்ப இல்ல. தேடித்தான் பாக்கணும்."

"தேடுங்க மேடம்" என்றாள் ட்வைலா, இருக்கையில் சாய்ந்துகொண்டு. "மத்தியானச் சுத்துக்கு இன்னும் நேரம் கெடக்கு. நான் லைன்லயே இருக்கேன்."