சில்லென்று கிடந்த பெட்டி

அந்தத் தகரப் பெட்டியின் மேல் அக்கா உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போலத் தொடுவார். உடன்பிறந்த அக்கா இல்லை. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பல வருடம் கூலிக்குப் பொம்மை வார்த்துவிட்டு, அந்த வருடம்தான் சின்னச் சூளை ஒன்றைச் சொந்தப் பொறுப்பில் எடுத்திருந்தவர். இரண்டாயிரத்துச் சொச்சம் அது. நான் டிப்ளமோ முடித்த தெம்பில், சூளையின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர்களைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் மீட்டருக்குக் கரண்ட் கொடுத்தது அந்தப் பெட்டிதான்.

பெட்டிக்குள் வருவது இருபத்துநாலு வோல்ட். மீட்டருக்கு வேண்டியதோ ஐந்து. குறைத்துக் கொடுக்க நான் முதலில் போட்டது சாதாரண மூன்று கால் ரெகுலேட்டர். மிச்சப் பத்தொன்பது வோல்ட்டையும் அது சூடாக்கியே தீர்த்துவிடும். பெட்டி தோசைக்கல்லாய்க் கொதிக்கும். சூளையின் வெக்கையும் சேர்ந்துகொண்டால் ரெகுலேட்டர் தன்னாலே நின்று, மீட்டர் இருண்டுவிடும். எனக்கு மானம் போனது. அக்காவுக்கோ அந்தச் சூட்டின் மேல்தான் நம்பிக்கை. "பொட்டி சுட்டாத்தான் தம்பி வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்பார். சூளைக்காரர்களிடம் சுடாத பொருளுக்கு என்ன மதிப்பு?

புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிக் குழம்பி, கடைசியில் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வோல்ட்டை எரித்து வீணாக்காமல், வேண்டிய அளவு மட்டும் வெட்டி வெட்டிக் கொடுக்கும் ரகம். அக்கா நவராத்திரிப் பொம்மைகளை அடுக்கிச் சூளையைப் பற்றவைத்த அன்று காலையில்தான் அதை மாட்டினேன். இனிமேல் பெட்டி சுடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெருமையில் தோன்றவில்லை.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஆயிரத்து இருநூறு டிகிரி வர வேண்டும். மீட்டர் நாற்பது குறைவாகக் காட்டியது. அக்கா வழக்கம்போலப் பெட்டியைத் தொட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ, சில்லுன்னு கெடக்குது தம்பி!"

"இது புதுசுக்கா, சுடாதுங்க. இன்னும் நாப்பது டிகிரி இருக்குது, அணைக்காதீங்க."

"செத்த பொட்டி சொல்றத நம்பி எம் பொம்மைய பாழாக்கிக்கவா?"

சூளையின் பார்வைத் துளையில் கண்ணை வைத்தார். உள்ளே கோன் இருக்கும். போதுமான சூடு ஏறியதும் தலை சாயும் சின்ன மண் கூம்பு. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு பர்னரை மூடிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டேன். அரைவேக்காட்டுப் பொம்மையை வைத்துக்கொண்டு அழட்டும் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் மனசு கேட்காமல் போய் நின்றேன். சூளையைத் திறந்தால் பொம்மைகள் மினுமினுவென்று நின்றன. ஒன்றுகூடக் கோணவில்லை. அப்படியானால் மீட்டர் சொன்ன அந்த நாற்பது டிகிரி? பெட்டியையும் மீட்டரையும் கழற்றி, படித்த கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். என் சிக்கனமான ரெகுலேட்டர் வெட்டி வெட்டிக் கொடுத்ததில் எழுந்த மின் இரைச்சல் மீட்டருக்குள் புகுந்து, நாற்பது டிகிரி குறைத்துக் காட்டியிருந்தது. அக்கா என் பேச்சைக் கேட்டிருந்தால் மொத்தப் பொம்மையும் உருகிச் சாய்ந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பிறகு இரண்டு ரகத்தையும் சேர்த்தே போட்டேன்: ஸ்விட்சிங் ஏழு வோல்ட் வரை இறக்கும், மீதியையும் அந்த இரைச்சலையும் பழைய மூன்று கால் பார்த்துக்கொள்ளும். பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. "இப்பதான் உசுரு வந்திருக்குது" என்று அக்கா சிரித்தார்.

"அன்னிக்கு கோன் சாஞ்சத கரெக்டா பாத்தீங்கக்கா" என்றேன், மனதார.

அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க தம்பி கோன் வச்சேன்? உம் மீட்டரு இருக்குதேன்னு வுட்டுட்டேன். பொட்டி ஆறிக் கெடந்ததும் கையும் ஓடல, காலும் ஓடல. தொளையில என்னாத்த பாத்தேன்? சும்மா பாத்தேன். பயத்துல அணைச்சிட்டேன்."

பெட்டி சாகவில்லை, உயிரோடு இருந்துதான் தப்பாகச் சொன்னது என்று நானும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பெட்டியின் மூடியைத் திருகி மூடினேன். இன்று பவர் சப்ளை வடிவமைப்பதே என் பிழைப்பு. அந்தச் சூளையை யார் காப்பாற்றியது என்று எத்தனையோ முறை யோசித்தும் விடை கிடைக்கவில்லை. என்னை நம்பி அவர் கோன் வைக்காமல் விட்டது மட்டும் மறக்கவில்லை: சூளைக்கு எது செய்து கொடுத்தாலும், கோனும் வையுங்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.